கூதிர்காலத்தில் தூண்டிலுடன் எந்த ஆற்றுக்குச் செல்வது?



புரட்டாசி பிறந்ததும், தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். தில்லியாயினும், மும்பையாயினும், கொல்கத்தாவாயினும் நவராத்திரியை ஒட்டியும் தீபாவளியை ஒட்டியும் சில நாட்கள் ஓய்வு கிடைக்கின்றது. ஊருக்குப் போய் வருவோர் பலர். போக இயலாதவர்களோ, அருகிலுள்ள மலைநாட்டுக்கு ஒரு வாரம் சென்று வரலாமே என்று எண்ணுகின்றனர். அவர்களுள் தூண்டிற்கோலில் விருப்பமுடையோர் இப்போது பெருகி வருகின்றனர். கையில் கோல் இருக்கின்றது, விடுப்பும் இருக்கின்றது, எந்த ஆற்றுக்குச் செல்வது என்பதே கேள்வி.

இக்கேள்விக்குப் பெரும்பாலோர் விடை தேடும் முறை ஒன்று உண்டு. புகழ் பெற்ற இடம் எது, புகைப்படங்களில் அழகாகத் தோன்றுவது எது, நண்பர் சென்று பெரிய மீன் பிடித்தது எங்கே என்று விசாரித்து, அவ்விடத்துக்கே பயணச்சீட்டு வாங்கிவிடுகின்றனர். இம்முறை பல வேளைகளில் ஏமாற்றத்தையும், சில வேளைகளில் ஆபத்தையும் தருகின்றது. ஆறு என்பது ஊரைப்போல ஒரே இடத்தில் ஒரே நிலையில் இருக்கும் பொருளன்று. அது மாதத்துக்கு மாதம் மாறுவது. ஆகவே, ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன்னர் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்நாளில் எந்த ஆறு நமக்கு இடங்கொடுக்கும் என்று பார்க்க வேண்டும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒரு சொல் விளக்கம். ஆங்கிலத்தில் ‘பிளை பிஷிங்’ என்று வழங்கும் மீன்பிடி முறையை இங்கு ‘ஈத்தூண்டில்’ என்று குறிப்போம். நம் ஊர்க் குளக்கரைகளில் மண்புழுவோ மாவுருண்டையோ முள்ளில் கோத்து நீரில் இடுவதைக் கண்டிருக்கிறோம். அங்கு இரையும் ஈயக்குண்டும் கனமானவை. அவற்றின் கனமே நூலை இழுத்துச் செல்கின்றது. ஈத்தூண்டிலில் இரை கிடையாது. சிறு முள்ளின்மேல் இறகையும் மயிரையும் பட்டு நூலால் கட்டி, நீர்ப்பூச்சி ஒன்றைப் போலத் தோன்றச் செய்திருப்பார்கள். அதற்குக் கனமே இல்லை. எனவே நூலையே கனமுடையதாக அமைத்து, கோலை முன்னும் பின்னும் வீசி, அந்நூலின் கனத்தால் பொய் ஈயை நீரின்மேல் மெல்ல இறக்குகின்றனர். மீன் அதனை மெய்யென நம்பி எழும்பினால் வெற்றி. நம்பாவிட்டால் மறுபடியும் வீச வேண்டும். இது கண்ணுக்கு வேலை கொடுக்கும் கலை. மீன் ஈயைக் காண வேண்டும். நாம் மீன் எழும்புவதைக் காண வேண்டும். கலங்கல் நீரில் இரண்டும் இயலா. இவ்வொரு செய்தியிலிருந்தே மற்றவை யாவும் தொடங்குகின்றன.

இரு பருவங்கள், ஒரே பெயர்

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் நம் முன்னோர் கூதிர்காலம் என்றனர். தமிழ்நாட்டில் அது வாடையும் மழையும் கூடிய காலம். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் பெய்கின்றது. வடநாட்டிலோ அதே காலத்தை ஒட்டி வருவது ‘சரத்’ எனப்படும் பருவம். வானம் தெளிந்து, மேகம் வெளுத்து, ஆறு அடங்கும் காலம் அது. தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் இறுதியில் இமயமலைச் சாரலை விட்டு அகல்கின்றது. உயரத்தில் குளிர் மிகுவதால் பனி உருகுவதும் குறைகின்றது. மழையும் குறைந்து, உருகுநீரும் குறைவதால், சேறு கலந்து பாய்ந்த ஆறுகள் சில வாரங்களில் பச்சைக் கண்ணாடிபோல் தெளிகின்றன.

ஆகவே பஞ்சாங்கத்தில் ஒரே மாதமாக இருப்பினும், குன்னூர்ப் பக்கத்து ஓடையும் குலுப் பக்கத்து ஓடையும் நேர்மாறான நிலையில் இருக்கும். இங்கே மழை தொடங்குகின்றது. அங்கே மழை ஓய்கின்றது. தமிழ் நேயர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

எந்த ஆற்றைக் குறித்தும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். நாம் செல்லும் வாரத்தில் நீர் தெளிந்திருக்குமா? அப்போது மீன் என்ன செய்துகொண்டிருக்கும்? ஆற்றின் மேற்புறத்தில் என்ன இருக்கின்றது? சட்டம் இடந்தருகின்றதா?

முதற் கேள்வியின் காரணத்தை மேலே கண்டோம். இரண்டாவது கேள்விக்கு விடை காண, நம் நாட்டில் ஈத்தூண்டிலுக்கு உரிய இரு மீன்களை அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று டிரவுட், மற்றொன்று மகசீர்.

டிரவுட் நம் நாட்டு மீனன்று. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிலிருந்தும், வானவில் டிரவுட் வட அமெரிக்காவிலிருந்தும் உலகெங்கும் கொண்டு செல்லப்பட்டவை. குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த ஓடும் நீரிலேயே இவை செழிக்கும். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசைத் தாண்டினால் துன்புறும். பழுப்பு டிரவுட் கூதிரின் இறுதியிலும் குளிர்காலத்திலும் முட்டையிடுகின்றது. பெண்மீன் ஆற்றின் கூழாங்கற்களிடையே வாலால் குழி பறித்து, முட்டையிட்டு, மீண்டும் கற்களால் மூடிவிடும். அந்தக் கற்பரப்பில் மனிதர் கால்வைத்து நடந்தால், அடுத்த தலைமுறை அங்கேயே நசுங்கிப்போகும். ஆகையால் டிரவுட்டைப் பொறுத்தவரை கூதிர்காலத்தின் முற்பகுதி நமது, பிற்பகுதி மீனுடையது.

மகசீர் நம் நாட்டு மீன். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரிய செதிளும், தடித்த உதடும், ஆற்றல் மிக்க வாலும் கொண்டது. மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும்போது இது பேராற்றிலிருந்து சிற்றாறுகளுக்குள் ஏறிச் சென்று முட்டையிடுகின்றது. மழை ஓய்ந்து நீர் குறையும்போது மறுபடியும் பேராற்றுக்கு இறங்குகின்றது. நெடும்பயணத்தால் பசித்த மீன்கள், சிற்றாறு பேராற்றுடன் கலக்கும் கூடல்களில் இரைதேடி நிற்கும். கடுங்குளிர் வந்தபின் அவை இரை கொள்வது குறைந்துவிடும். இவ்வாறு மகசீருக்குக் கூதிர்காலத்தின் நடுப்பகுதியே ஏற்றது.

மூன்றாவது கேள்வியை யாரும் எளிதாகக் கருதலாகாது. 2014-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் மாலை, இமாசலப் பிரதேசத்தில் தலௌட் என்னுமிடத்தில், பியாஸ் ஆற்றுப் பாறைகளின்மேல் ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்திருந்த கல்லூரி மாணவர்கள் நின்றிருந்தனர். மேற்புறத்தில் இருந்த லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் சில நிமிடங்களில் பெருகி, 24 மாணவர்களை அடித்துச் சென்றது.  ஆறு தணிந்து, பாறைகள் வெளித்தெரிந்து, இறங்கி நிற்கலாம் என்று அழைப்பது போலவே காட்சியளித்தது. மின்னாக்கத்துக்காக நீரைத் தேக்கும் அணைகளின் கீழே, ஆறு தன் இயல்பால் ஏறி இறங்குவதில்லை. மின்நிலையத்தின் தேவைக்கேற்ப ஏறி இறங்குகின்றது. தூண்டிற்காரர் முழங்கால் அளவு நீரில் இறங்கி, ஓட்டத்துக்கு நடுவே பல மணி நேரம் நிற்பவர். ஆதலின் மேலே அணை உண்டா, எத்தனை தொலைவில் உண்டு என்பதை அவர் வேறெவரையும்விட முன்னதாக அறிந்திருத்தல் வேண்டும்.

நான்காவது, சட்டம். மீன்வளம் மாநிலங்களின் பொறுப்பில் உள்ளது. ஆகவே ஒவ்வொரு மாநிலத்திலும் அனுமதிச் சீட்டும், தடைக்காலமும், பிடிக்கத்தக்க மீனின் அளவும் வெவ்வேறாக உள்ளன. தேசியப் பூங்காக்களுக்குள்ளும் வனவிலங்குச் சரணாலயங்களுக்குள்ளும் ஓடும் ஆறுகளில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆட்சி நடைபெறுகின்றது. பழைய பயண நூல்களில் புகழ்ந்துரைக்கப்பட்ட பல நீர்நிலைகள் இன்று இச்சட்டத்தின் எல்லைக்குள் அடங்கிவிட்டன. நூலில் இருக்கின்றது என்பதால் ஆற்றில் இறங்கிவிட இயலாது.

இனி இந்நான்கு கேள்விகளையும் நான்கு நிலப்பகுதிகளுக்குப் பொருத்திக் காண்போம்.

காஷ்மீரம்

டிரவுட் என்றவுடன் நினைவுக்கு வருவது காஷ்மீரம். 1899-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட முட்டைகள் வழியிலேயே அழிந்தன. அடுத்த ஆண்டு, 1900-இல் வந்தவை பிழைத்தன. ஸ்ரீநகரில் கம்பள ஆலை நடத்திவந்த பிராங்க் மிட்செல் என்பவர் அவற்றைப் பேணி வளர்த்ததில் பெரும்பங்கு கொண்டார். ஹர்வானில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அங்கிருந்து லித்தர், பிரிங்கி முதலிய ஆறுகளில் மீன் பரவியது. அங்கே ஆறுகளைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு நாளைக்கு இத்தனை கோல்களுக்கே இடம் என்று வரையறுத்திருக்கின்றனர். இம்முறையால் கூட்டமும் இல்லை, சண்டையும் இல்லை.

ஆனால் கூதிர்காலப் பயணத்துக்குக் காஷ்மீரத்தைத் தேர்ந்தெடுப்போர் ஒரு மயக்கத்துக்கு உள்ளாகின்றனர். காஷ்மீரத்துக் கூதிர் என்றால் நம் மனக்கண்ணில் தோன்றுவது சிவந்த சினார் இலைகளே. அவ்விலைகள் நன்றாகச் சிவப்பது அக்டோபர் பிற்பகுதியிலும் நவம்பரிலும். பழுப்பு டிரவுட் முட்டையிடத் திரளும் காலமும் அதுவே. தூண்டில் பருவமோ வசந்தத்தில் தொடங்கிக் கூதிரின் தொடக்கத்திலேயே முடிகின்றது. எனவே சினார் சிவப்பையும் டிரவுட்டையும் ஒரே பயணத்தில் காணலாம் என்று கருதுபவர், இரண்டில் ஒன்றையே காண்பார். செப்டம்பரில் விடுப்பு எடுக்கக் கூடியவர்களுக்குக் காஷ்மீரம் மிக ஏற்றது. தீபாவளி விடுமுறையை நம்பியிருப்போர் அதனை வேறோர் ஆண்டுக்கு ஒத்திவைப்பதே நலம்.

குலுவும் தீர்த்தனும்

குலுப் பள்ளத்தாக்கில் பழுப்பு டிரவுட் 1909-ஆம் ஆண்டு விடப்பட்டது. பியாஸ் ஆறு அம்மீனுக்கு நெடுங்காலம் புகழிடமாக இருந்தது. இன்றோ அவ்வாற்றின் கரையில் நெடுஞ்சாலையும் ஊர்களும் நெருங்கிவிட்டன. 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வந்த பெருவெள்ளம் கரைகளையும் சாலைகளையும் பல இடங்களில் அறுத்துச் சென்றது. பியாஸை மட்டும் நம்பிச் செல்வோர் கோலை விரிக்க அமைதியான இடம் காண்பது அரிது.

அதன் துணையாறான தீர்த்தன் வேறு வகையானது. பெரும் இமாலயத் தேசியப் பூங்காவின் உயர்ந்த மலைகளில் பிறந்து, குஷைனி, பஞ்சார் வழியாக இறங்கி, லார்ஜிக்கு அருகே பியாஸைச் சேர்கின்றது. அப்பூங்காவை ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 2014-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பூங்கா எல்லைக்குள் தூண்டிலுக்கு இடமில்லை. அதற்குக் கீழேயுள்ள பகுதியிலேயே அனுமதி பெற்று வீசலாம். மேற்புறத்துக் காடுகள் காக்கப்படுவதால் மழை ஓய்ந்ததும் நீர் விரைவில் தெளிகின்றது. தீர்த்தன் ஆற்றில் நீர்மின் திட்டங்கள் வேண்டா என்று அப்பள்ளத்தாக்கு மக்கள் உறுதியாக நின்றதால், நீரைத் தேக்கித் திடீரென விடுக்கும் அணை அதன் மேற்புறத்தில் இல்லை. லார்ஜி அணை இருப்பது தீர்த்தன் பியாஸுடன் கலக்கும் முகத்தில். 2014-ஆம் ஆண்டுத் துயரம் நிகழ்ந்த இடம் அவ்வணைக்குக் கீழே. ஒரே ஆற்றமைப்பில், சில கிலோமீட்டர் இடைவெளியில், ஓரிடம் தூண்டிற்காரருக்கு உகந்ததாகவும் மற்றோரிடம் உயிருக்கு இடரானதாகவும் அமைந்திருப்பதை நேயர்கள் நோக்க வேண்டும். இடத்தின் பெயர் மட்டும் அறிந்தால் போதாது என்று மேலே சொன்னதன் பொருள் இதுவே.

இமாசலத்தில் டிரவுட் நீர்நிலைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி முடியத் தடைக்காலம். எனவே செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் முடிய உள்ள ஐந்து வாரங்களே கூதிர்காலத்தில் நமக்கு உரியவை. தில்லியிலிருந்து மணாலி செல்லும் பேருந்தில் ஏறி, ஔட் என்னும் ஊரில் இறங்கி, பஞ்சார் செல்லும் வண்டியைப் பிடிக்கலாம். விசயதசமியன்று ஏனைய இடங்களில் விழா முடியும்போது, குலுவில்தான் தசரா தொடங்கி ஏழு நாட்கள் நடைபெறும். அந்நாட்களில் பேருந்துகளில் இடம் கிடைப்பது கடினம், முன்பதிவு இன்றியமையாதது.

தெளிந்த நீரில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. நாம் மீனைக் காண்பது போலவே மீனும் நம்மைக் காண்கின்றது. கூதிர்கால டிரவுட் ஐயம் மிகுந்தது. கரையில் நிமிர்ந்து நிற்காமல், நிழல் நீரில் விழாதவாறு, கீழ்ப்புறத்திலிருந்து மேல்நோக்கி மெல்ல நடந்து வீச வேண்டும். 4 முதல் 6 வரையிலான எண் கொண்ட மெல்லிய நூலும், அதற்கேற்ற கோலும், சிறிய ஈக்களும் போதுமானவை.

குமாவூன்

நவராத்திரியில் விடுப்புக் கிடைக்காமல், தீபாவளியை ஒட்டியே புறப்பட இயலும் அன்பர்கள் மனந்தளர வேண்டியதில்லை. அவர்களுக்கு உரியது உத்தரகண்ட மாநிலத்தின் குமாவூன் பகுதி. மீன், பொன்னிற மகசீர்.

சம்பாவத் மாவட்டத்தில், லோகாகாட்டுக்குக் கிழக்கே, பஞ்சேசுவரம் என்னுமிடத்தில் சரயு ஆறு காளி ஆற்றுடன் கலக்கின்றது. இந்தச் சரயு குமாவூன் மலைகளில் சர்மூல் என்னுமிடத்தில் பிறப்பது, பனிப்பாளத்திலிருந்து வருவதன்று. ஆகவே மழை ஓய்ந்தால் விரைவில் தெளிகின்றது. காளியோ உயர்ந்த பனிமலைகளின் உருகுநீரைக் கொண்டு வருவது. தெளிய நாள் எடுக்கின்றது. கூடலில் ஒருபுறம் தெளிந்த நீரும், மறுபுறம் சாம்பல் நிற நீரும் சிறிது தூரம் கலவாமல் ஓடுவதைக் காணலாம். அவ்விரு நீர்களும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில், சிற்றாறுகளிலிருந்து இறங்கி வந்த மகசீர் சிறுமீன்களை எதிர்பார்த்து நிற்கின்றது. இங்கே பூச்சியைப் போன்ற ஈயைவிடச் சிறுமீனைப் போலக் கட்டிய பெரிய ஈயே பயன்படும். நூல் எண் 8 அல்லது 9 ஆக இருத்தல் நலம். சுருளில் உபரி நூல் நிறைய வேண்டும். மகசீர் பிடிபட்டவுடன் ஓட்டத்தோடு சேர்ந்து ஓடும் வேகத்தை டிரவுட் பிடித்துப் பழகியவர் எதிர்பார்க்க மாட்டார்.

மூன்றாவது கேள்வியை இங்கும் கேட்க வேண்டும். காளியின் துணையாறான தௌளிகங்கையில், தார்ச்சுலாவுக்கு அருகே 280 மெகாவாட் திறனுள்ள நீர்மின் நிலையம் 2005 முதல் இயங்குகின்றது. எனவே காளியின் நீர்மட்டம் மழையின்றியும் மாறக்கூடும். காளியில் இறங்கி நிற்பதைத் தவிர்த்து, சரயுவின் கரையிலிருந்து வீசுவதே அறிவுடைமை. பஞ்சேசுவரத்திலேயே பேரணை ஒன்று கட்டுவது பற்றி இந்தியாவும் நேபாளமும் 1996-ஆம் ஆண்டு மகாகாளி உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டுள்ளன. அவ்வணை எழுமாயின் இக்கூடல் நீருள் மறையும்.

காளியின் மறுகரை நேபாளம். எல்லைப் பகுதியாதலால் அடையாளச் சான்று எப்போதும் உடன் இருத்தல் வேண்டும். தனகபூர் வரை இரயிலில் சென்று, அங்கிருந்து மலைச்சாலையில் ஏறலாம். பொன்னிற மகசீர் அருகிவரும் இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் பட்டியலிடப்பட்டிருக்கின்றது. ஆகவே அதனைப் பிடித்தால் உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிடுவது நற்பண்பு மட்டுமன்று, நம் கடமையுமாகும்.

தென்னாடு

“இத்தனை தூரம் ஏன்? தீபாவளிக்கு ஊருக்குச் செல்லும்போது நீலகிரியிலேயே வீசலாகாதா?” என்று கேட்கும் அன்பர்கள் இருப்பர். நீலகிரியில் டிரவுட் வளர்க்கும் முயற்சி காஷ்மீரத்துக்கும் முற்பட்டது. மீனியல் அறிஞரான பிரான்சிஸ் டே 1860-களிலேயே முயன்றார், அப்போது கைகூடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவர் வானவில் டிரவுட்டைக் கொண்டுவந்து நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. ஆயினும் மேலே கூறியவாறு, ஐப்பசியில் அங்கே வடகிழக்கு மழை. ஓடைகள் கலங்கும், மூடுபனி இறங்கும், மலைச்சாலைகளில் மண் சரியும். மேலும் உயர்ந்த புல்வெளி ஓடைகளில் ஒரு பகுதி முக்குருத்தி தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அடங்கும். எனவே கூதிர்காலத்தில் நீலகிரியைத் தூண்டிலுக்காகத் தேர்ந்தெடுப்பது பொருத்தமன்று.

காவிரியின் கதை இன்னும் நம் நெஞ்சைத் தொடுவது. சென்னை ஆட்சிப் பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் வெளியிட்ட தூண்டில் நூல், தென்னாட்டு ஆறுகளின் மகசீரை உலகறியச் செய்தது. 1946-ஆம் ஆண்டு காவிரியின் துணையாறான கபினியில் பிடிபட்ட மகசீர் ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. திமில் போன்ற முதுகுடைய அம்மீன் இனம் காவிரி ஆற்றமைப்பைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அணைகள் அதன் போக்குவரவைத் தடுத்தன. வெடிவைத்து மீன்பிடிப்போர் குஞ்சும் குழந்தையுமாக அழித்தனர். வேறிடத்து மகசீர் இனங்களை ஆற்றில் விட்டதால் போட்டியும் மிகுந்தது. 2018-ஆம் ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. எஞ்சியவை சில மோயாற்றுப் பகுதியில் காணப்படுகின்றன. கர்நாடகத்துக் காவிரிக் கரையில் ஒருகாலத்தில் புகழ்பெற்றிருந்த தூண்டில் முகாம்கள் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அமைந்திருந்தன. அங்கே தூண்டில் போடுவது நிறுத்தப்பட்டுவிட்டது.

அம்முகாம்களைக் குறித்து வேறொரு கருத்தும் உண்டு. தூண்டிற்காரர் நடமாடியவரை வெடிவைப்போர் அஞ்சி விலகியிருந்தனர், அவர்கள் அகன்றபின் காவல் குறைந்தது என்று சிலர் வாதிடுகின்றனர். அவ்வாதத்தில் பொருளில்லை என்று தள்ளிவிட முடியாது. எனினும் எஞ்சியிருக்கும் மீன்கள் மிகச் சிலவே ஆகும்போது, பொழுதுபோக்குக்காக அவற்றை நாடுவது நமக்கு அழகன்று. ஒரு பயணத்துக்கு இடம் தேர்ந்தெடுப்பதில், எங்கே செல்லலாகாது என்று தீர்மானிப்பதும் ஒரு பகுதியே. நம் சொந்த ஆற்றின் மீனைப் பொறுத்தவரை இன்று நாம் செய்யக்கூடிய உதவி, தூண்டிலை அங்கே கொண்டு செல்லாதிருப்பது.

முடிவு செய்யும் முறை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்தால், நினைவில் வைக்க எளிதான ஒரு வழி கிடைக்கின்றது. செப்டம்பரில் விடுப்பு உண்டாயின் காஷ்மீரம். நவராத்திரியை ஒட்டி, அக்டோபரில் செல்வதாயின் தீர்த்தன். தீபாவளியை ஒட்டி, அக்டோபர் இறுதியிலோ நவம்பர் முற்பகுதியிலோ செல்வதாயின் குமாவூனின் சரயு. அதற்கும் பிந்தினால் கோலைத் துடைத்து உறையிலிட்டு, வசந்தத்துக்குக் காத்திருக்கலாம். நவராத்திரி முன்னதாக வரும் ஆண்டுகளில் மழை முற்றிலும் ஓய்ந்திராது. அவ்வாண்டுகளில் பத்து நாட்கள் தள்ளிப் புறப்படுவது நல்லது.

புறப்படுமுன் மாநில மீன்வளத் துறை அலுவலகத்தில் நடப்பு ஆண்டின் விதிகளைக் கேட்டறிந்து, அனுமதிச் சீட்டை முறையாகப் பெறுங்கள். சீட்டில் குறித்துள்ள எண்ணிக்கையும் அளவும் நம்மைக் கட்டுப்படுத்துவன. தங்குமிடத்தில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் ஆற்றைப் பற்றி விசாரியுங்கள். அணை திறக்கும்போது ஒலிக்கும் சங்கின் ஓசை எப்படியிருக்கும் என்பதையும் கேட்டு வையுங்கள். நீரில் இறங்குமுன் கரையோரக் கல் ஒன்றை அடையாளமாகக் கொள்ளுங்கள். அக்கல் நனைந்துவிட்டால், நீர் ஏறுகின்றது என்று பொருள். மீன் நூலில் இருப்பினும் அறுத்துவிட்டு மேடேறுங்கள்.

மீனை விடுவிப்பதிலும் ஒரு முறை உண்டு. முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறடால் முன்னரே நசுக்கிவிட்டால், முள் எளிதாகக் கழன்று வரும். கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பைத் துடைத்துவிடும். நீருக்கு வெளியே நெடுநேரம் தூக்கிப் பிடித்துப் படமெடுக்காமல், தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துத் தாங்கிக்கொண்டிருந்தால், அது மூச்சு மீண்டு தானாகவே நீந்திச் செல்லும்.

பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலத்தில் வாழும் நமக்கு, அந்நாட்டு மொழியைக் கற்பதும் உணவைப் பழகுவதும் போலவே, அந்நாட்டு ஆறுகளின் இயல்பை அறிவதும் அங்கே வேரூன்றுவதற்கு ஒரு வழியாகும். எந்த மாதம் எந்த நீர் தெளியும், எந்த மீன் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று அறிந்தவர், அவ்விடத்துக்கு அயலார் அல்லர். நல்ல நாளில், நல்ல நீரில், விதிப்படி வீசி, மீன் கிடைக்காமலே திரும்பினாலும் அப்பயணம் வீண்போவதில்லை. தெளிந்த ஆற்றங்கரையில் கழித்த நான்கு நாட்கள் கையோடு வருகின்றன; மீன்கள் அடுத்த ஆண்டுக்காக ஆற்றிலேயே இருக்கின்றன.